குடலில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்

ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த குடல் சிறிது நேரம் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கும். மூளையின் தொடர்பு அறுந்துவிட்டது, இதயமும் நின்றுவிட்டது. ஆனாலும் கறிக்கடையின் அலுமினியப் பேசினில் கிடக்கும் சிறுகுடலை விரலால் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு சுருக்கம் எழுந்து மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். செய்முறை வகுப்புக்குக் குடல் வாங்க விடிகாலையில் கடைக்குப் போவதும் என் வேலைகளில் ஒன்று. கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. "கழுவித் தந்துவிடட்டுமா டீச்சர்?" என்று சுண்ணாம்புடனும் மஞ்சளுடனும் வந்து நின்றார். சுண்ணாம்பு பட்டால் எனக்கு உதவாது. வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, சூடு ஆறாமல் பிளாஸ்கில் கொண்டுபோக வேண்டும். இப்போது அவருக்கே அது பழகிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவர்களிடம் "பிள்ளைகள் படிப்பதற்கு" என்று சொல்லி எனக்கு முதலில் எடுத்துத் தந்துவிடுகிறார். குடல் குழம்புக்காக வரிசையில் நிற்பவர்கள் அதைக் கேட்டு மகிழ்வதாகத் தெரியவில்லை.

1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலில் இதை முறையாகச் செய்து பார்த்தார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும், குடலின் உள்ளே ஓரிடத்தில் தூண்டினால் அதற்கு மேல்பக்கம் சுருங்கியது, கீழ்ப்பக்கம் தளர்ந்தது. உணவைக் கீழ்நோக்கித் தள்ளுவதற்கு வேண்டிய ஏற்பாடு குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. அந்த ஏற்பாட்டின் உருவத்தை ஜெர்மானியர்கள் முன்பே கண்டிருந்தார்கள். 1857-இல் மைஸ்னர் உட்படலத்துக்கு அடியில் ஒரு நரம்புப் பின்னலைக் கண்டார். 1860-களில் அவுவர்பாக் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே இன்னொன்றைக் கண்டார். மனிதக் குடலில் மட்டும் 20 கோடி முதல் 60 கோடி வரை நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அவுவர்பாக் பின்னலைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவருவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஒரு சாண் குடலைக் கண்ணாடிக் குழாயில் செருகி இழுத்துவிட வேண்டும். மேலே மிக மெல்லியதாக ஒட்டியிருக்கும் நீள்தசைப் படலத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, நனைத்த பஞ்சால் ஒரே திசையில் வருட வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். சரியாக வந்தால் படலம் முழுதாக உரிந்து வரும், நரம்புப் பின்னலும் அதன் அடியில் ஒட்டிக்கொண்டே வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் விரித்து மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தால், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளும், இழைகள் கூடும் இடத்தில் முடிச்சுகளும் தெரியும். முடிச்சுக்குள் பெரிய நீலச் செல்கள் நியூரான்கள். மாணவிகள் அவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை ஒருத்தி மட்டும் கண்ணை எடுக்காமல், "மேடம், பெரிய செல்லுக்கு இடையில் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் இருக்கின்றனவே, அவற்றையும் எண்ணட்டுமா?" என்று கேட்டாள். அவை கிளியா செல்களின் உட்கருக்கள். எண்ணிக்கையில் நியூரான்களையே மிஞ்சுபவை. எங்கள் பாடத்திட்டத்தில் அவற்றுக்கு ஒன்றரை வரி: நரம்புச் செல்களைத் தாங்கிப் பிடித்து ஊட்டம் தருபவை, துணைச் செல்கள். அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை வரியின் மீது எனக்கு நெடுநாளைய கோபம் உண்டு.

ருஷ்யரான டோகியேல் 1899-லேயே குடல் நரம்பு முடிச்சுகளில் இந்தச் சிறு செல்களை வரைந்து காட்டிவிட்டார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கபெல்லா மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, இவை கை கால்களில் ஓடும் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களை ஒத்திருக்கவில்லை, மூளையில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்களை ஒத்திருக்கின்றன என்றார். 1980-இல் லண்டனைச் சேர்ந்த ஜெஸ்ஸன், மிர்ஸ்கி இருவரும் மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கே உரியது என்று கருதப்பட்ட ஒரு புரதத்தை எலியின் குடல் கிளியாவில் காட்டினார்கள். மூளையில் இருக்கும் உறவினர் குடலிலும் குடியிருக்கிறார் என்பது அதோடு உறுதியானது. ஆனால் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது தெரிய மேலும் காலம் பிடித்தது. காரணம் எளிது. கிளியா செல்கள் நியூரான்களைப்போல் மின்துடிப்பு எழுப்புவதில்லை. மின்முனையைச் செருகிக் கேட்டவர்களுக்கு நிசப்தமே கேட்டது. கருவி எதைக் கேட்கத் தெரிந்ததோ அதை மட்டும் பேச்சு என்று எண்ணிக்கொண்டார்கள். இந்தச் செல்களின் பேச்சு கால்சியத்தில் நடக்கிறது. கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயங்கள் வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் பேச்சை எழுப்பும் வேதிப்பொருள்களில் முதன்மையானதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் முடியாது. எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் உடல் உருகிப்போகும் ஸ்ப்ரூ நோய் அவருடைய குடும்பத்தில் புகுந்து உடன்பிறந்தவரைக் கொண்டுபோயிற்று. அதே நோய் அவரையும் தொட்டுவிட்டுத்தான் போனது. அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் வேலை பார்க்கையில், 1929-இல் தசையிலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியே அதைக் கண்டார். பாஸ்பரசை அளக்க அந்த இருவர் வகுத்த முறையை எங்கள் பக்கத்துத் துறை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று எழுதிச் செய்கிறார்கள். அந்தச் சுப்பாராவ் நம் சென்னையில் படித்தவர் என்றால் நம்பாமல் பார்ப்பார்கள்.

ஏடிபியை எல்லோருக்கும் தெரியும்: செல் வேலை செய்வதற்கான ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு. அது செல்லுக்கு வெளியே கசிந்து ஒரு செய்தியாகவும் இயங்கும் என்று 1972-இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் எழுதியபோது பெரும்பாலோர் சிரித்தார்கள். ஒவ்வொரு செல்லும் உயிர்வாழக் கட்டாயம் வைத்திருக்கும் பொருளை எந்தச் செல்லாவது வெளியே கொட்டிப் பேசுமா என்பது அவர்கள் வாதம். பர்ன்ஸ்டாக்கின் சான்று குடலிலிருந்துதான் வந்தது. கினிப்பன்றியின் குடல் தசையில் அதுவரை தெரிந்த இரண்டு நரம்புச் செய்திகளையும், அசிட்டைல்கோலினையும் நார்அட்ரினலினையும், மருந்து கொடுத்து அடைத்துவிட்ட பிறகும் நரம்பைத் தூண்டினால் தசை தளர்ந்தது. மூன்றாவது ஒன்று இருந்தாக வேண்டும். 1993-இல் ஏடிபிக்கான ஏற்பிகளின், அதாவது அந்தச் செய்தியைப் பிடித்துக் கேட்கும் செல் புரதங்களின், மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டபோதுதான் சிரிப்பு அடங்கியது.

யோசித்துப் பார்த்தால் ஏடிபி செய்தியாவதற்கு மிகப் பொருத்தமானது. செல்லுக்கு உள்ளே அதன் செறிவு மில்லிமோலார் கணக்கு, வெளியே சாதாரண நேரத்தில் நானோமோலார் கணக்கு. லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். வெளியே மிகச் சிறிதளவு தெரிந்தாலே யாரோ பேசுகிறார்கள் அல்லது யாரோ உடைந்துவிட்டார்கள் என்று பொருள். இந்த "அல்லது" எவ்வளவு பெரிது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கிளியா செல்லின் பக்கத்தில் நின்று நடப்பதைப் பார்க்கலாம். குடல் விரிகிறது, நியூரான் தூண்டப்பட்டு ஏடிபியை விடுகிறது. கிளியாவின் மேற்பரப்பிலேயே ஏடிபியை வெட்டும் நொதி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு பாஸ்பேட்டை நறுக்கி ஏடிபியை ஏடிபி அல்லாததாக, இரண்டு பாஸ்பேட் மட்டுமே கொண்ட ஏடிபியின் தம்பியாக மாற்றுகிறது. கிளியாவில் இருக்கும் பி2ஒய்1 என்ற ஏற்பிக்கு அண்ணனைவிட இந்தத் தம்பியைத்தான் அதிகம் பிடிக்கும். ஆகவே, செய்தியைத் தனக்குப் புரியும் வடிவத்துக்குத் திருத்திக்கொண்டே கேட்கிறது இந்தச் செல். ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லின் உள்சேமிப்பிலிருந்து கால்சியம் திறந்துவிடப்படுகிறது. ஒளிர் சாயம் ஏற்றிய திசுவில் பார்த்தால் ஒரு செல் பளிச்சிடும், அடுத்தது பளிச்சிடும், முடிச்சு முழுவதும் பரவும். சில நொடிகளில் தணிந்துவிடும். ஏறிய கால்சியம் கனெக்சின்-43 என்ற புரதத்தாலான வாய்களைத் திறக்க, அவற்றின் வழியே கிளியா தன் சொந்த ஏடிபியை வெளியே விடுகிறது. அதை நியூரான் கேட்கிறது. அக்கம்பக்கத்துக் கிளியாவும் கேட்கிறது.

கேட்பதோடு நில்லாமல் பதிலும் சொல்கிறது என்பதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. 2014-இல் அமெரிக்காவில் குல்பிரான்சன் குழுவினர் சுண்டெலியின் கிளியாவில் மட்டும் கனெக்சின்-43-ஐ நீக்கினார்கள். நியூரான்களைத் தொடவில்லை. பெருங்குடலில் பண்டம் நகர்வது மந்தமாயிற்று. மறு ஆண்டு அதே ஆய்வகம் எதிர்த்திசையில் போனது. கிளியாவில் மட்டும் செயற்கையான ஏற்பி ஒன்றைப் பொருத்தி, அதற்கென்றே உள்ள மருந்தைக் கொடுத்துத் தூண்டியபோது நியூரான்கள் விழித்துக்கொண்டு குடல் தசையைச் சுருக்கின. துணைச் செல் என்று எழுதிவைத்த பாடப்புத்தகத்துக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. ஆனாலும் திருத்திய பதிப்பு வரும்போது ஒன்றரை வரி இரண்டு வரியாகும் என்ற அளவுக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

கிளியா கேட்கும் பொருள்களின் பட்டியல் நீளமானது. அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின், குளுட்டமேட், எண்டோதெலின், அழற்சியின்போது வரும் பிராடிகைனின், பாக்டீரியாவின் மேலுறைப் பொருள் என்று போகும். இவற்றில் எனக்கு வியப்பளித்தது 2010-இல் கினிப்பன்றியில் கண்டது. மூளையிலிருந்து பயத்தையும் பரபரப்பையும் குடலுக்குக் கொண்டுவரும் சிம்பதடிக் நரம்புகளைத் தூண்டினால் பெருங்குடலின் கிளியா செல்களில் கால்சியம் ஏறியது. அந்த நரம்புகள் குடல் நியூரான்களின் வாயை அடைக்கும் வேலையை மட்டும் செய்கின்றன என்றுதான் அதுவரை சொல்லிவந்தோம். அவற்றின் பேச்சைக் கிளியாவும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவும் எனக்கு வெறும் பாடமாக இல்லாமல் போனதற்குக் காரணம் நீடாமங்கலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சின்ன மாமா. பெருங்குடலில் புண் வரும் கோலைட்டிஸ் நோய் அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அடங்கியிருக்கும்போது நன்றாக இருப்பார். கிளம்பினால் இரத்தமும் சளியுமாகப் போகும், ஆள் பாதியாகிவிடுவார். எப்போது கிளம்பும் என்று அவரே கண்டுவைத்திருக்கிறார்: தண்ணீர்க் கவலை வரும்போது. 2024-இல் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை, ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். பம்ப்செட் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்று விட்டுவிட்டார்கள். மாமாவுக்கு ஆற்றுப் பாசனம் மட்டும்தான். அந்த ஆடி மாதம் முழுவதும் அவர் வாய்க்காலையும் கழிவறையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதில் வரும் மருத்துவச் செய்திகளை எனக்கு அனுப்பிவிட்டு உடனே அழைப்பார். "ஏம்மா, மகிழ்ச்சி தருகிற செரட்டோனின் தொண்ணூறு சதவீதம் குடலில்தான் இருக்கிறதாமே. வாழைப்பழம் சாப்பிட்டால் கூடுமாமே. அப்படியானால் எனக்குக் குறைவாக இருக்கிறதா?" 

தொண்ணூறு சதவீதம் என்பது கிட்டத்தட்ட உண்மை. மற்றதெல்லாம் தவறு. குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழையவே முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடாது. குடலில் அதற்கு வேறு வேலை. உட்படலத்தில் சிதறிக் கிடக்கும் சில செல்கள் உணவின் அழுத்தத்தையோ நச்சையோ உணர்ந்து அதை விடுகின்றன. அளவாக விட்டால் குடல் அசைகிறது. அளவு மீறினால் வாந்தியும் பேதியும். வாந்தி என்று போனால் டாக்டர் எழுதித்தரும் ஆண்டன்செட்ரான் மாத்திரை அந்தச் செரட்டோனின் ஏற்பி ஒன்றைத்தான் அடைக்கிறது. அதனால்தான் சிலருக்கு மறுநாள் மலச்சிக்கல் வருகிறது. காலராவின் கதையிலும் இதற்குப் பங்கு உண்டு. அந்த நோயின் நச்சைக் கல்கத்தாவில் முயலின் குடல் மடிப்புகளை வைத்து 1959-இல் காட்டியவர் சம்பு நாத் தே. அந்த நச்சு குடல் செல்லைத் தாக்கித் தண்ணீரை இறைப்பது ஒரு பாதி. செரட்டோனினை விடவைத்து, குடலின் சொந்த நரம்புப் பின்னலையே தூண்டி, மேலும் நீரைக் கொட்டவைப்பது இன்னொரு பாதி. திருவிழா முடிந்த கையோடு ஊர் ஊராக வாந்திபேதி அள்ளிக்கொண்டுபோன காலத்தை எங்கள் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதர்களின் குடலில் குறைவில்லாமல் ஓடியது நம் போன் செய்திகள் புகழும் இந்த "மகிழ்ச்சிப் பொருள்"தான்.

ஒரு வேதிப்பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்பது மாமாவின் பழக்கம் மட்டும் அல்ல, நம் எல்லோருடையதும்தான். குடல் கிளியாவைப் படிக்கப் படிக்க அந்தக் கேள்வியே பொருளற்றது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பொருள் எதுவானாலும், அதை எந்தச் செல் கேட்கிறது, எவ்வளவு நேரம் கேட்கிறது, கேட்கும்போது அந்தச் செல் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே "அல்லது" என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். நலமான குடலில் கிளியா விடும் ஏடிபி ஒரு நலம் விசாரிப்பு. வெட்டும் நொதிகள் அதை உடனே தின்றுவிடுவதால் எல்லை தாண்டாது. அழற்சி கண்ட குடலிலோ செல்கள் உடைந்து ஏடிபி கொட்டுகிறது. ஒரு சொட்டு அல்ல, வெள்ளம். கிளியா அதைத் தொடர்ந்து கேட்கிறது, தானும் கனெக்சின் வாய்களைத் திறந்து மேலும் கொட்டுகிறது. நைட்ரிக் ஆக்சைடும் கூடச் சேர்கிறது. முடிவில் நியூரான்கள் சாகின்றன. கோலைட்டிஸ் வந்தவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் குடல் அசைவு பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பதற்கு இந்த நியூரான் இழப்பு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2016-இல் வெளியான சுண்டெலி ஆய்வில், கிளியாவில் கனெக்சின்-43 இல்லாத எலிகளுக்குக் கோலைட்டிஸ் உண்டாக்கினாலும் நியூரான்கள் பெரும்பாலும் தப்பித்தன. இரண்டு ஆண்டுக்கு முன் எந்தப் புரதம் இல்லாததால் குடல் மந்தமானதோ, அதே புரதம் இல்லாதது இங்கே காப்பாற்றியது.

இதை மாமாவுக்கு விளக்கப் போனபோது எனக்கு வார்த்தை தடுமாறியது. அவர் தடுமாறவில்லை. "இதில் என்னம்மா அதிசயம்? ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் பூத் தூவிக் கும்பிடுகிறோம். சம்பா தூர் கட்டி நிற்கும்போது ஐப்பசி கார்த்திகையில் அதே தண்ணீர் ஏறினால் வடிய வைக்க மண்வெட்டியோடு ஓடுகிறோம். தண்ணீர் மாறவில்லையே, வயல்தானே மாறியது" என்றார். இந்த ஒப்புமையை நான் வகுப்பிலும் பயன்படுத்திக்கொண்டேன். ஒரு குறை மட்டும் உண்டு. வயல் தானாகத் தண்ணீர் கொட்டாது. கிளியா கொட்டும்.

"அப்படியானால் அந்த ஏற்பியை அடைத்துவிட வேண்டியதுதானே?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மருந்து ஆராய்ச்சிக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். இடைஞ்சல் என்னவென்றால் அதே பி2ஒய்1 ஏற்பி குடலின் தசை அடுக்கிலும் இருக்கிறது. அங்கே அதன் வேலை தசையைத் தளர்த்துவது. பர்ன்ஸ்டாக் கண்ட அந்தத் தளர்வின் வாசல்களில் அதுவும் ஒன்று. உடம்பு முழுக்க அதை அடைத்தால் கிளியாவின் கூச்சலோடு தசையின் இளைப்பாறலும் போய்விடும். செரட்டோனின் விஷயத்தில் இந்தப் பாடம் ஏற்கெனவே விலைகொடுத்துக் கற்றதுதான். குடல் எரிச்சல் நோய்க்காக அமெரிக்காவில் அலோசெட்ரான் என்ற மருந்து 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்தது. சிலருக்குப் பெருங்குடலுக்கு இரத்தம் போவதே குறைந்துபோக, அந்த ஆண்டு முடிவதற்குள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2002-இல் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் திரும்பி வந்தது. குடல் கிளியாவை மட்டும் குறிபார்க்கும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளியாவின் கட்சிக்காரி என்று என்னைச் சொல்லிவிடுவார்கள். 1998-இல் சுண்டெலியின் கிளியாவை அழித்துப் பார்த்தபோது சிறுகுடல் அழுகி இரத்தம் கசிந்து எலிகள் இறந்தன. கிளியா இல்லாமல் குடல் சுவரே நிற்காது என்று இரண்டு தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். 2017-இல் வேறொரு முறையில் கிளியாவை நீக்கினார்கள். குடல் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் எலிகளில் மட்டும் குடல் அசைவு மாறியது. முறை மாறினால் விடை மாறுகிறது. முதல் ஆய்வில் கிளியா செத்த விதமே அழற்சியைக் கிளப்பியிருக்கலாம் என்பது என் ஊகம். சுவரைக் காப்பது கிளியாதான் என்று மேடையில் பேசுகிறவர்கள் 2017-ஐப் பற்றி வாய் திறப்பதில்லை.

பழைய சோற்றிலுள்ள பாக்டீரியா குடலுக்கு நல்லதாமே என்று கேட்கவும் மாமா விடவில்லை. குடல் பாக்டீரியா இல்லாமல் வளர்த்த எலிகளில், உட்படலத்துக்கு மிக அருகே குடியேற வேண்டிய கிளியா செல்கள் குறைவாகவே வந்து சேர்ந்தன என்று 2015-இல் காட்டினார்கள். பிறந்த பிறகு நரம்புப் பின்னலிலிருந்து உட்படலத்தை நோக்கி அவை நடந்துவருவதற்குப் பாக்டீரியாக்களின் இருப்பு வேண்டியிருக்கிறது. இதிலிருந்து நீராகாரம் குடித்தால் கிளியா பெருகும் என்று ஒரு வீடியோ வருவதற்கு இன்னும் நெடுநாள் இல்லை. நீராகாரம் நான் தினமும் குடிக்கிறேன். சின்ன வெங்காயத்தோடு குடித்தால் வெயிலுக்கு நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் எலியின் சான்றை இழுத்துவந்து அதன்மேல் ஏற்ற மாட்டேன்.

மாமாவின் முதன்மையான கேள்வி வேறு. கவலைப்பட்டால் குடல் புண்ணாகுமா என்பது. "மனசுதான் காரணம், நிம்மதியாக இருங்கள்" என்று அவரிடம் சொல்லாதவர்கள் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ தன் நெஞ்சுரம் குறைந்ததால்தான் இரத்தம் போகிறது என்பதுபோல் அவர் குறுகிப்போவார். 2023-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வை அவருக்காகவே தேடிப் படித்தேன் என்று சொல்லலாம். நீண்ட நாள் நெருக்கடிக்கு ஆளான எலிகளுக்குக் கோலைட்டிஸ் கடுமையாகிறது. ஏன்? மூளை நெருக்கடியை உணர்ந்து அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது, அது குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற ஹார்மோனைத் தொடர்ந்து விடுகிறது, குடல் கிளியா அதைக் கேட்கிறது. நாள்கணக்கில் கேட்கக் கேட்க, கிளியாவில் ஒரு பகுதி தன் குணம் மாறுகிறது. சிஎஸ்எஃப்1 என்ற பொருளைச் சுரந்து, அழற்சியைக் கிளப்பும் வெள்ளை அணுக்களை அழைத்துக் குவிக்கிறது. அதே ஹார்மோனால் நியூரான்களும் முதிர்ச்சி இழந்து அசிட்டைல்கோலின் குறைந்துபோக, குடல் அசைவும் கெடுகிறது. மூளையில் தொடங்கிக் குடலில் முடியும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் பெயர் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கும் நெஞ்சுரம் என்று பெயரில்லை.

இதைக் கேட்டதும் மாமா தன் மருந்துப் பையை எடுத்து வந்தார். அதற்குள் இருந்த மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டி, "இது என்ன வகை என்று டாக்டர் ஒருமுறை சொன்னாரே, நீ இப்போது சொன்ன பெயர் மாதிரியே இருந்ததே?" என்றார்.

பிரெட்னிசோலோன். குளுக்கோகார்ட்டிகாய்டுதான். புண் கிளம்பும்போதெல்லாம் அவரைக் காப்பாற்றுவது அதுவே.

படித்த எனக்கே அந்த இடத்தில் ஒரு நொடி வாயடைத்தது. புண்ணைத் தூண்டுவதாக எலியில் கண்ட ஹார்மோனின் உறவினர், புண்ணை ஆற்றும் மாத்திரையாக அவர் கையில். ஆய்வை எழுதியவர்களும் இந்த முரணைக் கவனித்தே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வைக்கும் விளக்கம் கால அளவைப் பற்றியது. குறுகிய காலம் உயர்ந்த அளவில் வரும் ஹார்மோன் வெள்ளை அணுக்களை நேராக அடக்குகிறது. நாள்கணக்கில் விடாமல் சுரந்தால் கிளியாவின் குணம் மாறிவிடுகிறது. இது எலியில் கண்டது. மாமாவின் குடலில் இந்த இரண்டும் எந்த விகிதத்தில் நடக்கின்றன என்று அளந்து சொல்லும் பரிசோதனை எதுவும் நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் இல்லை. 

"அப்படியானால் இதை நிறுத்திவிடட்டுமா?"

"கூடவே கூடாது மாமா. சில வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால், வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் சோம்பிக் கிடக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி உடனே எழுந்திருக்காது. மயங்கி விழுந்துவிடுவீர்கள். டாக்டர் எழுதியபடி வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வாருங்கள்."

அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் டாக்டர் பேனாவால் எழுதியிருந்த அளவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். இந்த வாரம் எத்தனை, அடுத்த வாரம் எத்தனை என்று என்னிடமே ஒப்பித்துக் காட்டினார். பிறகு அட்டையைப் பையில் வைத்துவிட்டு, அணை திறக்கும் தேதி ஏதாவது செய்தியில் வந்ததா என்று கேட்டார்.